கிட்டும்

சோர்லிம் வாசலில் ரசீது கிழித்தவன்
‘திரும்பும் நேரம்’ என்ற கட்டத்தின் மேல்
பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.
எனக்கெப்படித் தெரியும்?
அவனே ஆறு என்று எழுதிக்கொண்டான்.

காரிலேயே இருக்கிறேன் என்றான் சிட்டாட்டி.
கிட்டாலேயிலிருந்து ஒன்றரை மணி நேரம்
சேற்றை ஏமாற்றும் வித்தைகளைப் பேசிக்கொண்டே வந்தவன்.
மலை அலுத்துவிட்டதாம்.
சுட்ட சோளமும் ரேடியோவில் கால்பந்தும் போதுமாம்.

ஆக, நாங்கள் இருவர்.
முன்னால் செப்தோயெக்.
தோளில் அவள் உயரத்தில் பாதிக்கு ஒரு துப்பாக்கி,
காலில் ஓர் அளவு பெரிய அரசாங்கப் பூட்ஸ்.
“யானை வந்தா ஓடாதீங்க.
ஓடினா அப்புறம் உங்களையும் நான் தேடணும்.”
சிரிக்காமல் சொன்னாள்.

போடோ மரங்களின் உச்சியில்
கொலோபஸ் குரங்குகள் வெள்ளைச் சால்வை பறக்கத் தாவின,
முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட மாதிரி.
மழை. பிறகு மழை இல்லை. பிறகு மழை.
எறும்புகள் என் காலுறைக்குள் குடிவந்தன.
ஒரு புதர்மான் நின்று
எங்களை ஏற இறங்கப் பார்த்து
உப்புப் பெறாத ஆட்கள் என்று
திரும்பிப் போய்விட்டது.

குகையின் பெயர் கிட்டும்.
சடங்கு நடக்கிற இடம் என்று
அவள் மொழியில் பொருளாம்.
என் மொழியில் அது ஒரு வாக்கு என்றேன்:
கிடைக்கும், கைக்கு வந்து சேரும்.
“யார் சொன்னா?”
சொல்தான் சொல்கிறது.
“சொல்லுக்கென்ன,” என்றாள்,
வாசலில் நூல்போல் விழும் அருவியைக் குனிந்து தாண்டினாள்.

உள்ளே வௌவால் நெடி.
காலடியில் மாவுபோல் தூசு.
டார்ச் வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் கீறல்,
உளியின் கீறல் இல்லை,
தந்தத்தின் கீறல்.
எத்தனையோ ஆயிரம் இரவுகள்
கும்மிருட்டைத் தும்பிக்கையால் தடவித் தடவி வந்து
பாறையைப் பெயர்த்து
கடைவாயில் அரைத்து
விழுங்கிப் போயிருக்கின்றன.
மலையின் வயிற்றில் இவ்வளவு பெரிய பள்ளம்
உப்புக்காக.

ஒரு பிளவின் விளிம்பில் வெளிச்சத்தை நிறுத்தினாள்.
கீழே சின்ன எலும்புகள். கன்று.
எந்த வருடம் விழுந்தது என்று தெரியாது.
தாய் எத்தனை நாள் நின்றது என்றும்.

“அந்த மூலையில எங்க ஆளுங்க மாடு கட்டியிருந்தாங்க.
இப்ப நான் உள்ளே வரணும்னா
சீருடை வேணும்.”
அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள்.
பிறகு டார்ச்சை அணைத்தாள்.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.
யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்
நாக்கை நீட்டிச் சுவரைத் தொட்டேன்.
கசப்பு.
பிறகு சோப்பு.
பிறகு எங்கோ பின்னால்,
அழுது முடித்த மறுநாள் காலை உதட்டில் இருக்குமே,
அவ்வளவே அவ்வளவு.
“கிட்டுச்சா?” என்று கேட்டது இருட்டு.

வெளியே வந்தபோது ஆறேகால்.
பாதை நடுவே லத்தி, ஆவி பறக்க.
போகும்போது இல்லை.
புதருக்குள் வளைந்திருந்த ஒரு கிளை
யாரோ கையை விட்டதுபோல்
மெதுவாக நிமிர்ந்தது.
“நாம போகட்டும்னு நிக்குது.”
எவ்வளவு நேரமாக?
“நீங்க சுவரை நக்குன நேரம் முழுக்க.”

துப்பாக்கியில் கை வைக்கவில்லை அவள்.
நடையை மட்டும் எட்டிப் போட்டாள்.
என் முதுகெல்லாம் காதாக நான் பின்னால்.
திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.
பார்க்கவில்லை.
வரிசையில் நிற்கிறவரை
முறைத்துப் பார்ப்பது மரியாதையா?

வாசலில் அவன் ஆறை ஏழாக்கப் பார்த்தான்.
மை பரவி எட்டுபோல் ஆயிற்று.
‘கண்ட விலங்குகள்’ கட்டத்தில்
குரங்கு, மான் என்று எழுதி
இன்னும் உண்டா என்று நிமிர்ந்தான்.
செப்தோயெக் படியில் உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றி
ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சிட்டாட்டியின் அணி தோற்றிருந்தது.
கிட்டாலே வரும்வரை நடுவரைத் திட்டித் தீர்த்தான்.
நான் உதட்டை நக்கிக்கொண்டே
ஆமாம் ஆமாம் என்று வந்தேன்.